புது ஓவனின் புகை

சனிக்கிழமை காலை பத்து மணி. புதுக்குடியிருப்புச் சந்தையில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சந்தைக்கு எதிரே இருக்கிற நபீஸாவின் மின்சாரச் சாமான் கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு ஓவன் இறங்கியது. பிறகுதான் கமலாசனி டீச்சர் இறங்கினார்.

ஓவனை வாசற்படியில் வைத்தார் என்று சொல்வது மரியாதைக்காக. போட்டார் என்பதுதான் உண்மை. அதன் கண்ணாடிக் கதவு உடையாமல் தப்பியது பெரிய விஷயம்.

"எடு உன்ர சாமானை! மாடு வாட்டின ஓவனைத் துடைச்சுப் பெட்டிக்குள்ள போட்டு, புதுசெண்டு என்ர தலையில கட்டிப்போட்டாய், என்ன?"

நபீஸா கையிலிருந்த மிக்ஸியை மேசையில் வைத்தாள். கடைக்குள் நின்ற இரண்டு பெண்கள் உடனே வாசலுக்குப் போய்விட்டார்கள். வெளியே கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கமலாசனி டீச்சர் இருபத்தெட்டு வருடம் இந்த ஊரில் கணக்குப் படிப்பித்தவர். அங்கே நின்ற பாதிப் பேரின் காது அவர் திருகிச் சிவந்த காதுதான். அவர் குரல் உயர்ந்தால் இன்றைக்கும் ஊர் எழும்பி நிற்கும்.

"வாயை அளந்து கதையுங்கோ டீச்சர்," என்றாள் நபீஸா.

"நான் அளக்கிறதோ? நீ செய்த வேலைக்கு நான் வாயை அளக்கிறதோ? நேற்று வெள்ளிக்கிழமை. என்ர மகளைப் பொம்பிளை பார்க்க கிளிநொச்சியில இருந்து வந்தவை. உன்ர ஓவனில முதல் பால் வைச்சுத் திறந்தால் குசினி முழுக்கக் கொழுப்புக் கருகின மணம். அந்தப் பாலிலதான் தேத்தண்ணி. மாப்பிள்ளையின்ர தாய் தேத்தண்ணியை வாயில வைச்சிட்டுக் கீழ வைச்சா. வைச்சிட்டு என்னைப் பார்த்துக் கேட்டா, இண்டைக்கு வெள்ளி எல்லோ, இறைச்சி சமைச்சனீங்களோ எண்டு. என்னைப் பார்த்து! பின்னேரம் போன் வருது, பொருத்தம் சரிவராதாம்."

சொல்லும்போது டீச்சரின் குரல் ஓரிடத்தில் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் பலமாகக் கத்தினார். பெட்டியை ஒட்ட ஒரு ரேப் போதும் என்றார். இவர்கள் வீட்டில் வாட்டித் தின்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு விற்கிறார்கள் என்றார். கூட்டத்தில் யாரோ 'சீ' என்றார்கள்.

அந்தச் 'சீ'தான் நபீஸாவுக்கு அடியாக விழுந்தது. வயர் எரிந்தால் மாற்றிக் கொடுக்கலாம். மோட்டார் நின்றால் திருத்திக் கொடுக்கலாம். அந்தக் கடைச் சாமானில் மாட்டிறைச்சி என்ற கதை ஊரில் பரவினால் எதைக் கொடுத்தும் சமாளிக்க முடியாது. நாளைக்குத் தண்ணி சுடவைக்கிற ஒரு கேத்தில் வாங்கக்கூட ஒருவரும் படியேற மாட்டார்கள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தாயின் வயிற்றில் இருந்தபடியே இந்த மண்ணை விட்டுப் போனவள் நபீஸா. புத்தளத்தில் பிறந்து, அங்கேயே ஜெமீலைக் கட்டி, ஒன்பது வருடத்துக்கு முன்னால் புருசனோடு திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் தொடங்கி, போன வருடம்தான் இந்தக் கடைக்குச் சீமெந்துத் தளம் போட்டாள். மறுபடி புத்தளத்துக்கு பஸ் ஏற அவளால் முடியாது.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அந்த மணம் எங்கிருந்து வந்தது என்று டீச்சர் வாயைத் திறந்த முதல் வசனத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அதை ஏன் டீச்சருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதும் விளங்கிவிட்டது.

நபீஸா ஓவன் விற்றால் சும்மா விற்கமாட்டாள். வாங்குகிறவர் காதில் ஒரு பாடம் ஓதித்தான் அனுப்புவாள். கடை தொடங்கிய புதிதில் இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாமானைத் திருப்பிக் கொண்டுவந்ததில் கற்றுக்கொண்ட பாடம் அது.

"முதல் நாள் ஒண்டும் சமைக்காதேங்கோ. யன்னலைத் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் வெறும் ஓவனைச் சூடாக்குங்கோ. உள்ளுக்க இருக்கிற கம்பி துருப்பிடியாமல் இருக்க எண்ணெய் பூசித்தான் கப்பலில ஏத்துறவங்கள். அது எரிஞ்சு முடியுமட்டும் புகையும், மணக்கும். பயப்பிடாதேங்கோ, ஒருக்காத்தான்."

இதைக் கேட்டதும் சைவ வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். வெறும் அடுப்பு எரிப்பது அவர்களுக்கு ஆகாத காரியம். சமைக்க ஒன்றுமில்லாத வீட்டில்தான் அடுப்பு வெறுமனே எரியும். புது வீடு என்றாலும் புது அடுப்பு என்றாலும் முதலில் பால் வைக்க வேண்டும். நபீஸா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். "அப்ப ஒரு கிண்ணத்தில தண்ணியும் தேசிக்காய்த் துண்டும் வைச்சுச் சூடாக்குங்கோ. வெறும் அடுப்பும் இல்லை, மணமும் கெதியாப் போயிடும். அந்தத் தண்ணியை மட்டும் வெளியில ஊத்திவிடுங்கோ. பாலை ரெண்டாவதா வையுங்கோ, சாமி கோவிக்காது." சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இந்தப் பாடத்தை அவள் சொல்லாமல் விட்ட ஒரே ஆள் கமலாசனி டீச்சர்.

பத்து நாளைக்கு முன்னால், உச்சி வெயிலில் டீச்சர் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. மகளின் காரியம் வருகிறது, முட்டை போடாத கேக் ஒன்று வீட்டிலேயே செய்ய வேண்டும், நல்ல ஓவனாகக் காட்டு என்றார். நபீஸா கதிரையை இழுத்துப் போட்டு, உள்ளே போய்த் தேசிக்காய் பிழிந்து தண்ணி கரைத்து, நீலப்பூப் போட்ட கண்ணாடிக் கிளாஸில் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் அந்தக் கிளாஸைப் புறங்கையால் தள்ளினார்.

"வேண்டாம். எடும் இதை."

தள்ளிவிட்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓவனை எடுத்துக்கொண்டு போகும்வரை அந்தக் கிளாஸ் இருந்த பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

நபீஸாவுக்கு உச்சந்தலை கொதித்தது. அவளுக்கு இது புதிதில்லை. மூடி திறக்காத சோடாப் போத்தல் என்றால் வாங்கிக் குடிப்பார்கள். அதையே அவள் வீட்டுக் கிளாஸில் ஊற்றினால் தாகம் போய்விடும் சிலருக்கு. எல்லாரும் இல்லை, சில பேர். ஒன்பது வருடமாக அந்தச் சில பேருக்கும் சிரித்துச் சிரித்தே சாமான் விற்றவள். அன்றைக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. பாடமும் வரவில்லை. பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த ஜெமீல் கேட்டான்:

"அந்த மனுசிக்குச் சூடாக்கிற கதை சொல்லேல்லையே நீ?"

"படிச்ச மனுசிதானே. பெட்டிக்குள்ள புத்தகம் கிடக்கு, வாசிக்கட்டும்."

அந்தப் புத்தகத்தில் பாதி சீன எழுத்து. மீதி எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஸ். அது நபீஸாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மணக்கட்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்றுதான் நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். டீச்சர் நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமைவரை பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பார் என்றோ, வந்த சம்பந்தக்காரர் வாசலில் செருப்புக் கழற்றும்போது ஓவனுக்குள் பால் கிண்ணத்தை வைப்பார் என்றோ, அந்தப் பாலிலேயே தேத்தண்ணி போடுவார் என்றோ அவள் கனவிலும் நினைக்கவில்லை.

இப்போது அந்த நினைப்பெல்லாம் ஒருபக்கம். வாசலில் கூட்டம் ஒருபக்கம்.

"டீச்சர், நீங்கள் சொன்ன மணம் இந்த ஓவனில மட்டும்தான் வருமெண்டா நான் கடையைப் பூட்டிப்போட்டுப் போறன்," என்றாள் நபீஸா. "எல்லாருக்கும் முன்னால பார்ப்பம். முத்துலிங்கம் அண்ணை, இஞ்ச வாங்கோ."

முத்துலிங்கம் தர்மபுரத்தில் தோட்டம் செய்கிறவர். தகப்பன் காலத்தில் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பூசணிக்காய் விற்க வந்தவர், தன் சாக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அவர் மகள் ஓடர் எடுத்துக் கேக் செய்து விற்கிறாள். அவளுடைய ஓவனும் நபீஸா கடையில் வாங்கியதுதான்.

"உள்ளுக்க அஞ்சு பெட்டி அடுக்கிக் கிடக்கு. எதை வேணுமெண்டாலும் நீங்களே எடுங்கோ. நீங்களே ரேப்பை வெட்டுங்கோ."

முத்துலிங்கம் ஒரு பெட்டியை எடுத்து, நாலு பக்கமும் திருப்பிக் காட்டி, பூசணி வெட்டுகிற கத்தியால் ரேப்பை வெட்டினார். வெள்ளை ரெஜிபோம் தக்கைக்குள்ளிருந்து ஓவன் பளபளவென்று வெளியே வந்தது. உள்ளே கையை விட்டுத் தடவி, கூட்டத்துக்கு விரலைக் காட்டினார். ஜெமீல் வயரை இழுத்து வாசலில் பிளக்கைக் கொடுத்தான். நபீஸா சூட்டை முழுதாகத் திருப்பி, பதினைந்து நிமிடத்துக்கு மணி வைத்தாள். கம்பிகள் சிவந்தன. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று நிமிடத்தில் மெல்லிய புகை எழும்பியது. ஐந்தாவது நிமிடம் முன்வரிசையில் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கருகின எண்ணெய், கருகின கொழுப்பு, நடுவில் ஏதோ றப்பர் மாதிரி ஒரு காட்டம்.

"அட, இதேதான்! இறைச்சி வாட்டின மாதிரித்தான் மணக்குது," என்றான் ஆட்டோக்காரன். டீச்சரோடு ஓவனை ஏற்றிவந்தவன் அவன்தான். "ஆட்டோவுக்குள்ள இதே மணம்தான் வந்தது."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு நபீஸாவின் பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் நெஞ்சு நிமிர்ந்தது. கம்பியில் பூசும் எண்ணெயைப் பற்றி, கப்பலைப் பற்றி, துருவைப் பற்றி, ஊருக்கே பாடம் எடுத்தாள். தேசிக்காய்த் தண்ணிக் கிண்ணத்தையும் விடவில்லை. இரண்டு பெண்கள் தலையாட்டிக் கேட்டார்கள். வென்றுவிட்டாள். கடை தப்பிவிட்டது.

கமலாசனி டீச்சர் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"அப்ப இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நபீஸா வாயைத் திறக்கத் தேவை இருக்கவில்லை. முத்துலிங்கம் முந்திக்கொண்டார்.

"இல்லீங்க டீச்சரம்மா, தங்கச்சி எல்லாருக்கும் சொல்லுவாங்க. எங்க புள்ளைக்கு மூணு தரம் சொன்னாங்க."

"எனக்கும் சொன்னவா," என்றாள் முந்தானைப் பெண்.

"எனக்குச் சொல்லேல்லை!"

"மறந்திருப்பீங்க டீச்சர்."

யாரோ பின்னாலிருந்து "கணக்கு டீச்சருக்கே கணக்குப் பிழைச்சுப் போச்சு" என்றார்கள். மறுபடி சிரிப்பு. பழைய மாணவன் யாராவதாக இருக்கும். திருகுப்பட்ட காதுக்கு இன்றைக்குத்தான் சந்தர்ப்பம் கிடைத்தது.

டீச்சர் நபீஸாவை நேரே பார்த்தார்.

"பிள்ளை, எனக்கு நல்ல ஞாபகம். அண்டைக்குக் கந்தசஷ்டி நாலாம் நாள். நான் பச்சைத் தண்ணியும் படாமல் பிடிக்கிற விரதம், மகளின்ர காரியம் நல்லபடி ஒப்பேறவேணுமெண்டு. வெயிலுக்க வந்து இதில இருந்தன், தலை சுத்தினது. நீர் தேசிக்காய்த் தண்ணி கொண்டந்து வைச்சனீர். நீலப்பூப் போட்ட கிளாஸ். அதைப் பார்த்தால் வாயில வைச்சிடுவன் எண்டு பயந்து அங்கால தள்ளிப்போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தனான். கிளாஸில என்ன பூவெண்டு ஞாபகம் இருக்கிற எனக்கு, நீர் சொன்னது ஞாபகம் இல்லாமல் போகுமோ?"

"நாலு நாள் தண்ணி குடிக்காட்டி எப்படிம்மா காது கேட்கும்?" என்றார் முத்துலிங்கம், பாவப்பட்டுத்தான். "மயக்கத்தில இருந்திருப்பீங்க. அவங்க சொன்னது விழுந்திருக்காது."

"அதுதானே," என்றது கூட்டம்.

நபீஸாவுக்கு மட்டும் சந்தைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது.

விரதம். நெற்றி நிறையத் திருநீறு, வாடின முகம், வெடித்த உதடு, எல்லாவற்றையும் அன்றைக்குப் பார்த்தாளே. ஒவ்வொரு நோன்பிலும் தன் முகத்தைக் கண்ணாடியில் அப்படித்தானே பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், நோன்பு இருபதாம் நாளில், காணிக் காரியமாக ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனபோது அங்கிருந்தவர் தேத்தண்ணி எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளும் யன்னலைத்தான் பார்த்தாள். நோன்பு என்று சொல்ல வாய் வரவில்லை. பிடிக்கிற நோன்பைத் தம்பட்டம் அடிப்பதா என்று கூச்சம். எங்கட தேத்தண்ணி உங்களுக்குப் பிடிக்காதோ என்று அந்த மனிதர் முகத்தைத் தூக்கினார். வீட்டுக்கு வந்து அந்த மனிதரை ஜெமீலிடம் எவ்வளவு ஏசினாள்! இவ்வளவும் படித்த மனிசனுக்கு ஒரு நோன்புக்காரியின் முகம் தெரியாதா என்று ஏசினாள்.

ஜெமீல் பிளக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவன் அவளைப் பார்த்துக் கண்ணால் சொன்னான்: பேசாமல் இரு. கதை முடிஞ்சுது.

முடிந்துதான் இருந்தது. சும்மா நின்றாலே போதும், ஊர் அவளுக்காகப் பொய்யைச் சொல்லி முடித்துவிடும். டீச்சர் ஓவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கடை நிற்கும். ஆனால் மாடு என்று அவளைப் பொய்யாகச் சொன்னபோது விழுந்த அதே அடி, இப்போது டீச்சரின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"சொல்லேல்லை," என்றாள்.

"என்ன தங்கச்சி?"

"டீச்சருக்கு நான் சொல்லேல்லை. மறக்கவுமில்லை. வேணுமெண்டுதான் சொல்லாமல் விட்டனான்."

ஓவனின் மணி மட்டும் டிக், டிக் என்று ஓடியது. ஜெமீல் தலையில் கை வைத்தான்.

"ஏன்?" என்றார் டீச்சர்.

"தண்ணியைத் தள்ளினீங்கள். நான் தந்தபடியால் குடிக்கேல்லை எண்டு நினைச்சன். அந்தக் கோவத்தில சொல்லேல்லை."

டீச்சர் ஒரு அடி கிட்ட வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நபீஸாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு மாதம் எச்சிலும் விழுங்காமல் நோன்பு பிடிக்கிற உமக்கு, ஒரு விரதக்காரியின்ர முகம் தெரியேல்லையோ?"

நபீஸாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாடு எண்டு சொன்னது நீங்கள்தானே டீச்சர்."

"ஓம், சொன்னனான். பிழைதான். இத்தனை பேருக்கு முன்னால சொன்னனான், இத்தனை பேருக்கு முன்னாலயே பிழையெண்டும் சொல்லுறன். ஆனா நான் தெரியாமல் சொன்னது. நீர் தெரிஞ்சு சொல்லாமல் விட்டது."

மணம் தெரியாது, சரி. தெரியாத மணத்துக்கு ஏன் உடனே மாடு ஞாபகம் வந்தது என்று நபீஸா திருப்பிக் கேட்டிருக்கலாம். நியாயமான கேள்விதான். அந்த நேரத்தில் அதைக் கேட்கிற தகுதி தன்னிடம் இல்லாமல் போனதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

ஓவன் டிங் என்றது. கூட்டம் கலையத் தொடங்கியது. முத்துலிங்கம் கத்தியைத் துடைத்து மடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், பூசணிச் சாக்கிடம் போனார். மிக்ஸி விலை கேட்டு நின்ற முந்தானைப் பெண், பிறகு வாறன் என்றாள். மாட்டுக் கதை செத்துவிட்டது. அது உறுதி. ஆனால் பொழுதுபடுமுன் இந்த ஊரில் எந்தக் கதை ஓடும் என்று நபீஸாவுக்குத் தெரியும். ஆளைப் பார்த்துத்தான் சொல்லுவாள், பிடிக்காவிட்டால் சொல்லாமல் விற்றுவிடுவாள். சாமான் விற்கிறவளுக்கு அதுவும் சின்னக் கதையில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் உள்ளே ஓடினாள். தட்டில் கவிழ்த்திருந்த நீலப்பூக் கிளாஸை எடுத்துத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தாள். ஓடிவந்த வேகத்தில் பாதி வழியில் கொஞ்சம் சிந்தியது.

"டீச்சர், உங்கட மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் எடுத்துச் சொல்லுறன். என்ர பிழையெண்டு சொல்லுறன். இதைக் குடியுங்கோ முதல்."

கமலாசனி டீச்சர் ஆட்டோவில் ஒரு காலை வைத்தவர், அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். நபீஸாவின் கையிலிருந்து கிளாஸை வாங்கினார். வாங்கியதும் நபீஸாவின் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் அந்த நீலப்பூவைப் பார்த்தார்.

"இண்டைக்கு எனக்கு விரதமில்லை," என்றார்.

பிறகு கிளாஸை வாசற்படியில் கிடந்த தன்னுடைய ஓவனுக்கு மேலே, ஒரு சொட்டும் சிந்தாமல், வைத்தார்.

"ஆனா வேண்டாம்."

ஆட்டோ போய்விட்டது. ஜெமீல் வந்து கிளாஸை எடுக்கக் கை நீட்டினான். நபீஸா அவன் கையைத் தடுத்தாள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேர் தன் தண்ணீரைத் தள்ளியதற்கு அவள் கோபப்பட்டிருக்கிறாள். இந்த ஒரு கிளாஸுக்குக் கோபப்பட அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.